ஓக் தூணில் கறுப்புப் புள்ளி: என் அனுபவம்

இங்கிலாந்தில், கென்ட்டில், வீட்டுத் தோட்டத்தில் பச்சை ஓக் (வெட்டி இன்னும் உலராத ஓக் மரம்) சட்டத்தில் சின்ன அறை ஒன்று எழுப்பினோம். முதல் மழையிலேயே தூணில் நீலக்கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை என்று பிளீச் அடித்தேன், போகவில்லை. உப்புத்தாளால் தேய்த்தேன், அடுத்த மழையில் திரும்ப வந்தது. ஒரு வாரம் வீண். அப்புறம்தான் கவனித்தேன், புள்ளிகள் தூணின் ஒரு பக்கத்தில், இடுப்புக்குக் கீழே மட்டும். அங்கே நின்றுதான் கிரைண்டரில் இரும்புக் கம்பி வெட்டியிருந்தேன். இரும்புத்தூள் ஈரத்தில் ஓக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்தால் கறுக்கும், கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மை ஆகிற அதே சங்கதி. நைலான் பிரஷால் தூளைத் தட்டிவிட்டு (கம்பி பிரஷ் கூடவே கூடாது), ஆக்சாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, கையுறையோடு அந்தப் பக்கம் முழுக்கப் பூசி, அரை மணி கழித்துக் கழுவினேன். போயே போச்சு, அப்பாடா. திருகுகளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிட்டேன்.