வெளிநாட்டிலிருந்து சொந்த ஊரான தெங்குமரஹாடாவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

தெங்குமரஹாடா, கல்லாம்பாளையம் இரண்டையும் தீவு என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் மாயாறு, பின்னால் செங்குத்தாக நிற்கும் கோடநாட்டு மலை, மற்றப் பக்கமெல்லாம் யானையும் புலியும் நடமாடும் காடு. மாவட்டம் நீலகிரி, வழியோ பவானிசாகரிலிருந்து. காராச்சிக்கொரை சோதனைச் சாவடியில் அனுமதி கேட்பார்கள், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சொந்த ஊர் என்று அங்கே நின்று வாதாடிப் பயனில்லை. பஸ் ஆற்றங்கரையோடு நின்றுவிடும், அப்புறம் பரிசல். கீழே வெயில் கொளுத்தினாலும் மலையில் மழை பெய்தால் ஆறு பெருகும். விமானத்துக்கு முந்தின நாள்வரை ஊரில் இருக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஊரில் பிரசவ வலி கண்டவர்களும் இதே ஆற்றைத்தான் தாண்ட வேண்டும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சொந்தபந்தம் கேட்பதைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

1948-இல் கூட்டுறவுச் சங்கம் வைத்துக் காட்டைத் திருத்தி உண்டான விவசாய ஊர் இது. வனத்துறை குத்தகைக்கு விட்ட நிலம்; யாருக்கும் பட்டா கிடையாது. இப்போது புலிகள் காப்பகத்துக்காக ஊரையே இடம்பெயர்க்கும் முயற்சி நடக்கிறது. குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் இழப்பீடு. 18 வயது நிறைந்தவரைத் தனிக் குடும்பமாக எடுத்துக்கொள்வார்கள். அங்கேதான் நம்மைப் பிடிக்கிறார்கள்.

"கண்ணு, நீ இங்கதான் இருக்கறேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு. உனக்கு வேண்டாட்டி எங்களுக்கு ஆகுமில்ல?" என்றார் சித்தப்பா. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினவன், எப்படிப் போடுவேன்? முடியாது என்றதும் சித்தி பரிமாறுவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் அதே பேச்சு. பக்கத்து வீட்டு அண்ணனையும் கூட்டிவந்து சொல்லவைத்தார்கள். "இந்தக் காட்டைத் திருத்துனதுல உங்க தாத்தனும் ஒருத்தருதானே, அப்ப நீ யாரு?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. வெள்ளம் வந்த வருஷங்களில் மஞ்சளையும் வாழையையும் கரை சேர்த்தவர்கள் அவர்கள். நான் அப்போது இல்லை.

ஆனாலும் போடாதீர்கள். பொய்க் கையெழுத்து ஒன்று வெளிப்பட்டால், அங்கேயே கிடந்து உழைத்தவர்களின் மனுவையும் சந்தேகப்படுவார்கள். குடும்ப அட்டையில் உங்கள் பெயர் இன்னும் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். கொடுக்க நினைப்பதை உங்கள் சம்பாத்தியத்திலிருந்து கொடுங்கள், கேட்கும் முன்பே கொடுங்கள். புறப்படும் முன் போனிலேயே இதைப் பேசி முடித்துவிடுங்கள். ஆற்றைத் தாண்டி, இலைக்கு முன்னால் உட்கார்ந்தபின் மறுப்பது கொடுமை.

போவதானால் தள்ளிப்போடாமல் போங்கள். ஊர் இடம்பெயர்ந்துவிட்டால் பரிசல் ஏறிப் பார்க்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.