கேம் கருவிக்குள் மைக் வைக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன், உள்ளே மைக் வைத்த தன் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க கேம் கருவியைக் கொண்டுவந்து, "அண்ணே, நான் பேசுறது கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்காம்ணே" என்றான். திறந்து பார்த்தேன். வயர் சரி, சால்டரிங்கும் பார்வைக்குச் சுத்தம். ஆனால் மைக் ஆடக்கூடாது என்று அதன் முகத்தின் மேலேயே ஹாட் க்ளூவை ஊற்றி வைத்திருந்தார்கள். நகத்தால் நெம்பி எடுத்ததுமே குரல் பாதி தெளிந்துவிட்டது.

2017-இல் வந்த ஸ்விட்ச், 2019-இன் லைட் மாடல், 2021-இன் ஓலெட் மாடல் மூன்றிலும் உள்ளே மைக் கிடையாது, 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இல்தான் உண்டு. அதனால் பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ஸ்விட்சுக்குள் மைக் வைக்க ஆசைப்படுவது நியாயம்தான். சோனியின் பழைய கையடக்கக் கருவியான பிஎஸ்பி வைத்திருப்பவர்கள் மட்டும் முதலில் மாடல் எண்ணைப் பாருங்கள், 3000 என்றால் மைக் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

எல்லோரும் செய்கிற முதல் தவறு, சோதிக்காமல் ஸ்க்ரூவைக் கழற்றுவது. நீங்கள் உள்ளே வைக்கப்போவது ஹெட்செட்டில் இருக்கும் அதே வகை மைக்கைத்தான், இடம்தான் மாறுகிறது. எனவே மைக் உள்ள, பின்னில் நான்கு உலோக வளையம் கொண்ட ஹெட்செட்டைச் செருகி, நீங்கள் ஆடும் கேமிலேயே பேசிப் பாருங்கள். அதில் குரல் போகவில்லை என்றால் உள்ளே வைத்தாலும் போகாது. ஃபோர்ட்நைட் கேமில் ஜாக் (ஹெட்போன் செருகும் துளை) வழியாகவே பேசலாம், ஆனால் நின்டெண்டோவின் சில கேம்களுக்குப் பேச்சு ஃபோன் ஆப் வழியாகத்தான் நடக்கும், அங்கே இந்த வேலையால் ஒரு பயனும் இல்லை.

அப்புறம் ஜாக். நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். மைக்கின் இரண்டு வயரையும் ஜாக்கின் மைக் காலிலும் (மைக்குக்கான உலோக முனை) கிரவுண்டிலும் சேர்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். ஜாக்கில் எதுவும் செருகாதவரை பெரும்பாலான கருவிகள் மைக்கைத் தேடுவதே இல்லை, அதற்கு வேண்டிய சின்ன மின்னழுத்தத்தையும் தராது. சரி, சாதா ஹெட்போனைச் செருகினால்? அதன் பின்னில் மூன்று வளையம்தான், கடைசி வளையம் நீளமாக இருப்பதால் மைக் காலையும் கிரவுண்டையும் சேர்த்துத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும், உங்கள் மைக் ஊமையாகிவிடும். மைக் உள்ள ஹெட்செட்டைச் செருகினால் இரண்டு மைக்கும் ஒரே மின்சாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு சத்தம் குறையும். ஜாக்கின் மைக் காலைப் போர்டிலிருந்து பிரித்து, போர்டில் அந்தக் கால் இருந்த தடத்தை உள் மைக்குக்கு மட்டும் கொடுப்பதுதான் எனக்குச் சரியாக வந்த வழி. சாதா ஹெட்போனைச் செருகி ஆடலாம், ஸ்பீக்கர் தானாக அணைந்துவிடுவதால் எதிரொலியும் வராது.

மைக்கை எங்கே வைப்பது? முதல் ஸ்விட்சில் ஜாக்கும் சூடு வெளியேறும் வாயும் மேல்விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வயர் குறையுமே என்று அங்கேயே வைத்தால் ஃபேன் இரைச்சல்தான் முதலில் போகும். கீழ்விளிம்பில் வைத்தால் மடியில் வைத்து ஆடும்போது துளை அடைபடும். வாய்க்கு நேராக, விரல் படாத ஓரத்தைத் தேடுங்கள். ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் துளை போதும், அதையும் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு உறையில் மட்டும் போடுங்கள். பிளாஸ்டிக் தூள் ஃபேனுக்குள் போனால் வேறு தலைவலி. துளைக்கும் மைக்குக்கும் இடையே பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய சின்ன ரப்பர் வளையத்தை வையுங்கள், குரல் உறைக்குள் சுற்றி அலையாமல் நேராக மைக்குக்குப் போகும். க்ளூ பக்கவாட்டில் மட்டும்.

இதற்குப் பயன்படும் 4 மில்லிமீட்டர் எலெக்ட்ரெட் வகைச் சின்ன மைக்கின் பின்னால் இரண்டு சால்டர் புள்ளி இருக்கும். மல்ட்டிமீட்டரை பீப்பில் வைத்து, உலோக உறையோடு எது பீப் அடிக்கிறதோ அதுதான் கிரவுண்ட். மாற்றிக் கொடுத்தால் குரல் வராது, வந்தாலும் இரைச்சலோடு வரும். சால்டரிங் முனையை இரண்டு நொடிக்கு மேல் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் மெல்லிய படலம் சூட்டில் கெட்டுவிடும், கெட்டது வெளியே தெரியவும் தெரியாது. வயருக்கு ஷீல்டு (உள் வயரைச் சுற்றிய உலோக உறை) உள்ளதே வேண்டும், வைஃபை ஆன்டெனா பக்கத்தில் சாதா வயரை ஓட்டினால் டிர்ர் என்று ஒரு சத்தம் விடாமல் கேட்கும்.

பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும், இதில் எனக்கு சமரசமே கிடையாது.

காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்கரையை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் ஜாக்கின் உள் காலில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும், ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைக்காமல் சால்டர் வைத்தால் பிடித்தது போல இருந்து ஒரே மாதத்தில் விட்டுவிடும். ஆனால் அந்த ஆல்கஹால் ஒரு சொட்டுகூட மைக் துளைக்குள் போகக்கூடாது. அந்தப் பையனுடையதில் க்ளூவை எடுத்த பிறகும் மீதிப் பாதி தெளியாமல் இருந்ததற்கு ஜாக்கில் இருந்த பச்சைதான் காரணம். துடைத்து, மறுபடி சால்டர் வைத்த பிறகுதான் குரல் முழுதாக வந்தது.