பிரவுசர் வேகத்தை ஒப்பிடும்போது நடக்கும் தவறுகள்

போன மாதம் தம்பி போன் செய்தான். "அண்ணா, பழைய பிரவுசரைத் தூக்கிட்டேன். புதுசு பறக்குது."

எப்படிச் சோதித்தாய் என்று கேட்டேன். பழையதில் நான்கு வருட ஹிஸ்டரி, பதினோரு எக்ஸ்டென்ஷன், முப்பது டேப். புதியது அன்றைக்குத்தான் இறக்கியது. குடியிருக்கும் வீட்டையும் காலி வீட்டையும் பார்த்துவிட்டு, காலி வீட்டில்தான் இடம் அதிகம் என்பது போல இருந்தது. பழையதிலும் ஒரு புது ப்ரொஃபைல், அதாவது ஹிஸ்டரியும் எக்ஸ்டென்ஷனும் இல்லாத வெற்றுக் கணக்கு, உருவாக்கித் திறக்கச் சொன்னேன். அதுவும் பறந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நுழைந்து தள்ளுபடிக் கூப்பன் தேடிய எக்ஸ்டென்ஷன்தான் இத்தனை நாள் அவனை இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒப்பிடுவதென்றால் இரண்டிலும் புது ப்ரொஃபைல், எக்ஸ்டென்ஷன் இல்லாமல். முதல் விதி இதுதான்.

விளம்பரத் தடுப்பும் இதே கதைதான். பிரேவ் என்ற பிரவுசர் விளம்பரங்களைத் தானாகவே தடுக்கும். குரோம் பெரும்பாலானவற்றை விட்டுவிடும். விளம்பரம் மொய்க்கும் செய்தித்தளத்தில் பிரேவ் முந்துவது இயல்பு. அந்தப் பலன் உண்மையானது, ஆனால் அதை என்ஜினின், அதாவது பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டும் உள்பகுதியின், வேகம் என்று எழுதக் கூடாது. இரண்டுக்கும் என்ஜின் ஒன்றே. ஓபரா 2013இல், எட்ஜ் 2020இல் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறிவிட்டன. விவால்டியும் அதன்மேல்தான் நிற்கிறது. என்ஜின்களை ஒப்பிட வேண்டுமானால் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றையும் எடுங்கள். ஐபோனில் அதற்கும் வழியில்லை: நம் ஊர் ஐபோன்களில் எந்தப் பெயரில் பிரவுசர் இருந்தாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் என்ஜின்.

அடுத்தது பெஞ்ச்மார்க் எனும் வேகச் சோதனைகளின் மதிப்பெண். இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். 2012இல் வந்த ஆக்டேன் சோதனையை, அதை உருவாக்கிய கூகுளே 2017இல் கைவிட்டது. எல்லோரும் அந்தத் தேர்வுக்கென்றே என்ஜினைத் தயார் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். மதிப்பெண் ஏறியது, நிஜமான இணையப் பக்கங்களுக்கு அதனால் பயன் இல்லை. இன்றும் சிலர் ஆக்டேன் எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவது வருத்தமாக இருக்கிறது. ஆப்பிள், கூகுள், மொசில்லா சேர்ந்து 2024 மார்ச்சில் வெளியிட்ட ஸ்பீடோமீட்டர் 3 இப்போதைக்கு நம்பகமானது. பட்டியலில் சேர்ப்பது, எழுத்தைத் திருத்துவது, வரைபடம் வரைவது போன்ற அன்றாட வேலைகளைச் செய்து பார்க்கிறது. ஆனால் உங்கள் நெட் வேகமோ, பிரவுசர் திறக்க ஆகும் நேரமோ, ரேம் செலவோ அதில் வராது.

அதையும் ஒரே முறை ஓட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். என் லேப்டாப்பில் ஒரே பிரவுசரை அரை மணி நேர இடைவெளியில் இரண்டு முறை ஓட்டினேன். சார்ஜரைக் கழற்றியதும் மதிப்பெண் நன்றாகவே இறங்கியது. சூடும் அப்படித்தான். முதல் பிரவுசர் ஓடி முடிப்பதற்குள் விசிறி இரைய ஆரம்பிக்கும்; இரண்டாவது பிரவுசர் கொதிக்கும் சிப்பில் ஓடும். சார்ஜரை மாட்டி, நடுவே ஆறவிட்டு, வரிசையை மாற்றி ஐந்து முறையாவது ஓட்டி, நடுவில் வரும் எண்ணை எடுங்கள்.

பக்கம் திறக்கும் நேரத்தை அளந்தால் நிலைமை தலைகீழ். தளத்தின் முகவரியை முதல் பிரவுசர் தேடி எடுத்ததும் விண்டோஸ் அதை நினைவில் வைத்துக்கொள்ளக்கூடும். இரண்டாவதாகத் திறப்பது அந்த உழைப்பில் முந்தலாம். பிரவுசர் திறக்கும் நேரத்துக்குக் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு அளக்க வேண்டும். அப்போதும் எட்ஜின் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' வசதி இயங்கினால், அது பின்னணியில் பாதி எழுந்து உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக ரேம். டாஸ்க் மேனேஜரில் ஒரே பிரவுசருக்கு இருபது வரிகளைப் பார்த்ததும் பிரவுசரைத் திட்டுகிறோம். ஸ்பெக்டர் என்ற சிப் குறைபாடு 2018இல் வெளியான பிறகு, ஒரு தளம் இன்னொரு தளத்தின் ரகசியத்தைத் திருடாமல் இருக்க, தளத்துக்கு ஒரு ப்ராசஸ் (தனியாக ஓடும் நிரல்) என்று பிரித்தார்கள். குரோம் அதே ஆண்டு, ஃபயர்பாக்ஸ் 2021இல். அந்த ரேம் உங்கள் வங்கிக் கணக்குக்குப் போட்ட பூட்டின் விலை. நினைவகம் காலியாக இருக்கும்வரை பிரவுசர் தாராளமாகத்தான் எடுத்துக்கொள்ளும். 4 ஜிபி கணினி வைத்திருப்பவர்கள் மெகாபைட் எண்ணுவதை விட்டுவிட்டு, தினமும் திறக்கும் பத்து டேப்களைத் திறந்து, அரை மணி நேரம் வேலை செய்துவிட்டு, முதல் டேப்புக்குத் திரும்புங்கள். இருந்தது இருந்தபடி நிற்கிறதா, வெள்ளைத் திரையோடு மறுபடி லோட் ஆகிறதா என்று பாருங்கள்.