போதகர் மாற்றலாகும் வாரத்தில் வேதபாடம் நடத்துவது எப்படி

பிரிவுபசாரப் பேச்சை வேறு யாரிடமாவது விட்டுவிடுங்கள். நான் ஒருமுறை இரண்டையும் கலந்து, போகிறவர் கட்டிய சுற்றுச்சுவரைப் பற்றியே அரைமணி நேரம் பேசினேன். வகுப்பு யோர்தான் ஆற்றுக்கு வந்து சேரவேயில்லை.

யோசுவா 4-இல் தொடங்குங்கள். மோசே இறந்து 30 நாள் துக்கம் முடிந்திருக்கிறது, இஸ்ரவேலரை ஆற்றைக் கடக்க நடத்தும் யோசுவா தலைமைக்குப் புதுசு. அறுப்புக்காலம், ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. தண்ணீர் நின்றதும் கோத்திரத்துக்கு ஒருவராக 12 பேர் ஆற்று நடுவிலிருந்து கல் எடுக்கிறார்கள். எவ்வளவு பெரிய கல் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கூழாங்கல் என்பார்கள். 5-ஆம் வசனத்தில் தோளின்மேல் சுமக்கச் சொல்லியிருக்கிறது. நான் வீட்டு ஆட்டுக்கல் குழவியைக் கொண்டுபோவேன். ஒரு பையன் அதைத் தோளில் ஏற்றிப் பத்தடி நடந்துவிட்டால் பிறகு விளக்கமே வேண்டாம்.

கரையேறியது முதல் மாதம் 10-ஆம் தேதி. யாத்திராகமம் 12:3-ஐ யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள்: எகிப்தில் பஸ்கா ஆட்டுக்குட்டியைத் தெரிந்தெடுக்கச் சொன்ன அதே தேதி! அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, இந்தக் கல் என்னவென்று பிள்ளைகள் கேட்டால் சொல்லவேண்டிய பதிலில் (22, 23) யோசுவாவின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். மோசே பெயரையும் தேடட்டும். இரண்டும் கிடையாது.

பிறகு 1 சாமுவேல் 12. சவுலை ராஜாவாக ஏற்படுத்தியதும் அந்தக் கற்களை நாட்டிய அதே கில்காலில்தான். நரைத்துப்போன சாமுவேல், யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன் என்று கேட்டு நாலைந்து வசனத்தில் தன் கணக்கை முடித்துவிட்டு, எகிப்திலிருந்து கர்த்தர் மீட்ட கதைக்குப் போய்விடுகிறார். கர்த்தர் செய்தவற்றைப் பென்சிலால் அடிக்கோடிடச் சொல்லுங்கள். 11-ஆம் வசனத்தில் யெருபாகால் (கிதியோன்), பேதான், யெப்தா என்று போய், வேறு யாரையோ சொல்வதுபோலத் தன் பெயரையும் வரிசையில் போட்டுக்கொள்கிறார். பேதான் யார் என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். நியாயாதிபதிகள் புத்தகத்தில் அப்படி ஒருவர் இல்லை, கிரேக்க மொழிபெயர்ப்பில் பாராக் என்று இருக்கிறது. அதோடு நகர்ந்துவிடுங்கள், இல்லாவிட்டால் நேரம் போய்விடும்.

கடைசிப் பத்து நிமிஷம் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுங்கள். நம் சபையைக் கர்த்தர் காப்பாற்றிய ஒரு சம்பவம், எந்தப் போதகர் பெயரும் வராமல். முதலில் திணறுவார்கள். போனமுறை ஒரு பாட்டி எழுதினார்: "மழையில்லாத வருஷம், பிடியரிசிக் காணிக்கையை எங்க வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள்." எந்தப் போதகர் காலத்தில் பாட்டி என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, நினைவில்லையே என்றார்.