கணக்கு தொடங்காமல் வாங்குவதும், தொடங்கிய கணக்கை அழிப்பதும்

திருப்பூரில் உள்ளாடை, நைட்டி, லெக்கிங்ஸ் எல்லாம் ஆன்லைனில் விற்கும் ஒரு கடையில் ஆர்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வந்ததும் முதல் வேலை, முந்தின நாள் ஆர்டர்களை எக்செல் ஷீட்டாக இறக்குவது. பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி, பின்கோடு, என்ன சைஸ், என்ன நிறம், பார்சல் வந்ததும் பணம் கொடுக்கும் சிஓடியா, முன்பே பணம் கட்டியாச்சா, இதற்கு முன் பார்சல் டெலிவரி ஆகாமல் (ஆர்டிஓ) கடைக்கே திரும்பி வந்திருக்கிறதா, எல்லாம் ஒரே வரியில் இருக்கும். அந்த ஷீட் கூரியருக்குப் போகும். அது நியாயம், முகவரி இல்லாமல் பார்சல் போகாது. ஆனால் அதே ஷீட் எஸ்எம்எஸ் அனுப்பும் ஏஜென்சிக்கும் போகும், பேஸ்புக் விளம்பரம் பார்க்கும் ஆளுக்கும் போகும். பெரும்பாலும் வாட்ஸப்பில்தான். வேலையை விட்டுப் போனவர்களின் போனிலும் அது கிடக்கும். ஒரு பெண்ணின் உள்ளாடை அளவும் அவள் வீட்டுக் கதவு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஒரு ஷீட் இப்படி ஊர் சுற்றுவது எனக்கு அப்போதும் பொறுக்கவில்லை, இப்போதும் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. கையில் இருக்கும் தகவல் எப்படியாவது வெளியே போகும், அவ்வளவுதான். 2021 மே மாதம் டோமினோஸ் இந்தியாவின் சுமார் 18 கோடி ஆர்டர் விவரங்கள் வெளியே வந்தன. திருடியவர்கள் அதைத் தேடிப் பார்க்க ஒரு பக்கமே போட்டார்கள். ஒருவருடைய போன் நம்பரை அடித்தால், அவர் எங்கெங்கே பீட்சா வரவழைத்தார் என்று காட்டியது. கார்டு விவரம் எதுவும் போகவில்லை என்று நிறுவனம் சொன்னது. எனக்கு அது ஆறுதலாக இல்லை. கார்டை ஒரே போனில் முடக்கி வேறு வாங்கிக்கொள்ளலாம், வீட்டை அப்படி மாற்ற முடியுமா?

சரி, வாங்கும்போது என்ன செய்வது என்று பார்ப்போம்.

முதலில், "லாகின்" என்ற பெரிய பொத்தானுக்குக் கீழே சின்ன எழுத்தில் "கெஸ்ட்" என்று ஏதாவது இருக்கிறதா தேடுங்கள். ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் போன்ற மென்பொருளில் ஓடும் சிறிய கடைகளில் கணக்கு இல்லாமல் வாங்கும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. கடைக்காரர் மூடி வைத்திருந்தால்தான் தெரியாது. அந்த வழி கண்ணில் படாவிட்டால் ஒரு வரி மெயில் போட்டுக் கேளுங்கள். கேட்டால் வாட்ஸப்பிலோ போனிலோ ஆர்டர் எடுத்துக்கொள்ளும் கடைகள் நிறைய உண்டு. ஜெர்மனியில் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் எல்லாரும் சேர்ந்து 2022 மார்ச்சிலேயே சொல்லிவிட்டார்கள், கணக்கு வேண்டாம் என்பவருக்குக் கெஸ்ட்டாக வாங்கும் வழியைக் கடை பொதுவாகத் தர வேண்டும் என்று. நம் நாட்டில் அவ்வளவு நேரடியான உத்தரவு இல்லை. ஆனால் வாங்குபவரை ஏமாற்றும் திரைத் தந்திரங்களுக்கு (டார்க் பேட்டர்ன்) எதிராக 2023 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த வழிகாட்டுதல்களில் 13 வகைத் தந்திரங்கள் தடை செய்யப்பட்டன. அதில் ஒன்று கட்டாயப்படுத்துவது. பொருளை வாங்க வேண்டுமானால் சம்பந்தமில்லாத வேறு சேவையில் பதிந்துகொள் என்பதும், தேவையில்லாத தனிப்பட்ட தகவலைக் கொடு என்பதும் அதற்குள் வரும். புகார் எழுதும்போது இந்த வழிகாட்டுதலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், பதிலின் தொனி மாறும்.

கணக்கு தொடங்கியே ஆக வேண்டும் என்றால், படிவத்தில் நட்சத்திரக் குறி இல்லாத கட்டத்தை நிரப்பாதீர்கள். பிறந்த தேதி வேண்டாம். பிறந்தநாள் கூப்பன் என்பார்கள், அந்தக் கூப்பன் பெரும்பாலும் எல்லாருக்கும் எப்போதும் கிடைக்கிற தள்ளுபடிதான். ஆணா பெண்ணா, கல்யாண நாள், எதுவும் வேண்டாம். கூகுள் கணக்கு வழியாக உள்ளே நுழைவதையும் நான் தவிர்ப்பேன். தனி பாஸ்வேர்டு வையுங்கள், வேறெங்கும் வைக்காததாக.

மெயிலுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜிமெயில் முகவரியில் உங்கள் பெயருக்கு அடுத்து ஒரு கூட்டல் குறி போட்டு, கடையின் பெயரைச் சேர்த்து எழுதுங்கள். மெயில் உங்களுக்கே வரும். நாளை சம்பந்தமே இல்லாத கடன் கம்பெனி அந்த முகவரிக்கு எழுதினால், யாரிடமிருந்து போனது என்று தெரிந்துவிடும். சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது. அப்போது பெயருக்கு நடுவில் ஒரு புள்ளி வையுங்கள், ஜிமெயில் புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை. ஐபோனில் மெயிலை மறைக்கும் வசதி தனியாகவே இருக்கிறது.

போன் நம்பர்தான் பெரிய தலைவலி. மெயிலை மாற்றலாம், நம்பர் வங்கியோடும் ஆதாரோடும் கட்டிக்கிடக்கிறது. முடிந்தால் கடைகளுக்கென்று இரண்டாவது சிம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடக் கூடாது. செயலிழந்த நம்பரை கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அவர் போனுக்கு ஓடிபி போகும், உங்கள் கணக்கு திறக்கும், உங்கள் முகவரி முழுதும் அவர் முன்னால் இருக்கும். நம்பரை விடுவதாக இருந்தால் கணக்குகளை முதலில் அழியுங்கள்.

நீங்கள் இதுவரை போயிராத ஒரு புதிய கடையில் நம்பரை அடித்து ஓடிபி கொடுத்ததும் வீட்டு முகவரி தானாக வந்து நிற்கும். பலர் இதைப் பார்த்துப் பயந்துதான் என்னிடம் கேட்டார்கள். கடைக்கு உங்களைத் தெரியாது. பில் போடும் பக்கத்தை நடத்துவது வேறொரு கம்பெனி, அது பல கடைகளுக்குப் பொதுவானது. முன்பு வேறு கடையில் நீங்கள் கொடுத்ததை அது வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தின் அடியில் சின்னதாக அதன் பெயர் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தகவலை அழிக்கச் சொல்லும்போது கடைக்கு மட்டும் எழுதினால் போதாது, அவர்களுக்கும் எழுத வேண்டும்.

கட்டணப் பக்கத்தில் "கார்டைச் சேமி" என்ற கட்டம் டிக் அடித்தபடியே இருக்கலாம், எடுத்துவிடுங்கள். 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி கடைகள் கார்டு எண்ணை வைத்திருக்கக் கூடாது, அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண்தான். அதுவும் உங்கள் சம்மதத்தோடுதான். "ஆஃபர் அனுப்பச் சம்மதம்" என்ற டிக்கையும் எடுங்கள். விளம்பர அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வேண்டாம் என்று 1909 எண்ணில் டிஎன்டி பதிந்தவர்களுக்கும் இது முக்கியம், ஏனென்றால் நீங்களே கொடுத்த சம்மதம் டிஎன்டியைத் தாண்டிப்போகும். வாட்ஸப் விளம்பரத்துக்கு டிஎன்டி உதவாது, அங்கேயே பிளாக் செய்ய வேண்டும்.

செயலியைப் போடுங்கள், 100 ரூபாய் தள்ளுபடி என்பார்கள். போனின் பிரவுசரிலேயே வாங்கிவிடலாம் என்றால் செயலி வேண்டாம். போட்டே ஆக வேண்டுமானால் தொடர்புப் பட்டியல், இருப்பிடம், எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி மூன்றையும் மறுத்துவிடுங்கள். சட்டை வாங்க இவை எதற்கு?

பார்சல் வந்ததும் லேபிளைக் கிழித்துவிட்டு அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடுங்கள்.

இனி, ஏற்கெனவே குவிந்திருக்கும் கணக்குகளை அழிப்பது. மெயிலில் "வெல்கம்" என்று தேடினாலே எங்கெல்லாம் பதிந்திருக்கிறீர்கள் என்று வரிசையாக வரும். அழிக்கும் முன் பில்களையும் வாரண்டிச் சீட்டுகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். வாலட்டில் பணம் இருக்கிறதா, ரிட்டர்ன் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். செயலியைப் போனிலிருந்து நீக்குவது கணக்கை அழித்ததாகாது. செயலிக்குள்ளேயே கணக்கு தொடங்க விட்டால் அங்கேயே அழிக்கவும் விட வேண்டும் என்று ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. கூகுள் பிளேவும் அதே வழிக்கு வந்துவிட்டது. அதனால் செட்டிங்ஸில் அடிவரை போய்ப் பாருங்கள், இருக்கும்.

இல்லையென்றால் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் பெயரும் தொடர்பு விவரமும் கடையின் தளத்தில் இருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இப்படி எழுதினால் போதும்:

"இந்த மெயிலிலும் இந்த நம்பரிலும் உள்ள என் கணக்கை அழிக்கவும். சேமித்த முகவரிகள், விளம்பரப் பட்டியல்கள் ஆகியவற்றிலிருந்தும் என் தகவலை நீக்கவும். யார் யாருக்கு என் தகவலைக் கொடுத்தீர்கள் என்று தெரிவித்து, அவர்களிடமும் நீக்கச் சொல்லவும். வரிச் சட்டத்துக்காக வைத்திருக்க வேண்டிய பில்கள் எவை என்று குறிப்பிடவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் பதிவுகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதைச் சாக்காகச் சொல்லி முழுக் கணக்கையும் வைத்துக்கொள்ளும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். பில்லை வைத்திருக்கலாம். உங்கள் நம்பரை விளம்பரப் பட்டியலில் வைத்திருக்க எந்த வரிச் சட்டமும் சொல்லவில்லை.

2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கேட்கும் உரிமையை நேரடியாகவே தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, அந்த உரிமைக்கும் நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கும் 18 மாத அவகாசம் விட்டார்கள். 2 கோடிக்கு மேல் பயனர்கள் உள்ள மின்வணிக நிறுவனங்கள், மூன்று ஆண்டு எட்டிப்பார்க்காதவரின் தகவலை அழிக்க வேண்டும், அழிப்பதற்கு 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. மூன்று ஆண்டு நீளம் என்று நினைக்கிறேன். சின்னக் கடைகளுக்கு அந்தக் காலக்கெடு பொருந்தாது என்பதால், நீங்களே எழுதிக் கேட்பதுதான் வழி.

ஒரு மாதம் ஆகியும் பதில் வரவில்லையா? 1915க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். நீங்கள் அனுப்பிய மெயிலின் தேதி, கடையின் தளத்தில் குறைதீர்ப்பு அலுவலர் பெயர் இருக்கும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், அழிக்கச் சொன்ன பிறகும் வந்த விளம்பர எஸ்எம்எஸ், மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பேசி முடித்ததும் புகார் எண்ணை வாங்கி, கடைக்கு அனுப்பிய அதே மெயில் தொடரில் அந்த எண்ணையும் எழுதி அனுப்பிவிடுங்கள்.