பிரிட்டிஷ் நகைச்சுவை ஒலிநூல்களைக் கேட்கத் தொடங்குவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஆங்கிலத்தைப் பள்ளிப் புத்தகத்தின் வழியாகக் கண்ணால் கற்றவர்களுக்கு அந்த மொழியின் நகைச்சுவை பாதிதான் கிடைக்கிறது என்பது, சில ஆண்டுகளாக ஒலிநூல்கள் கேட்டுவரும் எனக்கு ஏற்பட்டிருக்கும் எண்ணம். குறிப்பாகப் பிரிட்டிஷ் நகைச்சுவையின் உயிர், மிக அபத்தமான ஒரு செய்தியை மிகுந்த பொறுப்போடு, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் சொல்வதில் இருக்கிறது. அச்சில் படிக்கும்போது அந்தக் குரலை நாமே மனத்துக்குள் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்; ஒலிநூலிலோ தேர்ந்த நடிகர் ஒருவர் அதை நமக்காகச் செய்துவிடுகிறார். ஆகவே இந்த வகையில் எந்த நூல் என்று கேட்பதற்கு முன்னால், யார் படித்த நூல் என்று கேட்க வேண்டும். இந்த விளக்கம் முழுவதும் அந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

நான் தொடங்கிய முறை தவறானது. முப்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் டிக்கின்ஸ் நாவல் ஒன்றை எடுத்து, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஒன்றரை மடங்கு வேகத்தில், நெரிசலான பேருந்தில் கேட்டேன். மூன்றாம் நாள் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துபோய் நிறுத்திவிட்டேன். கீழே உள்ள வரிசை, அந்தத் தோல்விக்குப் பிறகு நானாகக் கண்டுபிடித்துக்கொண்டது.

படி 1: எட்டு நிமிடக் கதையிலிருந்து தொடங்குங்கள்

சாகி என்ற புனைபெயரில் எழுதிய ஹெக்டர் ஹியூ மன்றோவின் சிறுகதைகள் தொடக்கத்துக்கு மிகவும் பொருத்தமானவை. அவர் 1870இல் பர்மாவில் பிறந்து, 1916இல் பிரான்ஸ் போர்முனையில் இறந்தவர். அவருடைய 'தி ஓப்பன் விண்டோ' என்ற கதை ஏறக்குறைய 1,200 சொற்கள்தான். நிதானமாகப் படித்தாலும் எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். நரம்புத் தளர்ச்சிக்கு ஓய்வு தேடிக் கிராமத்துக்கு வந்திருக்கும் ஒருவரிடம், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, தன் அத்தை வீட்டின் திறந்த சன்னலைப் பற்றி ஒரு துயரக் கதையைச் சொல்கிறாள். அதற்கு மேல் சொன்னால் உங்கள் அனுபவத்தைக் கெடுத்தவனாவேன். கங்கைக் கரையின் தெருநாய்கள் ஓர் இடத்தில் எதிர்பாராமல் வந்துபோகும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இந்தக் கதையை ஒரே நாளில் இரண்டு வெவ்வேறு வாசிப்பாளர்களிடம் கேளுங்கள். லிப்ரிவாக்ஸ் என்ற தன்னார்வத் திட்டத்தில், 2005 முதல், காப்புரிமை முடிந்த நூல்களைப் பலர் படித்து இலவசமாக வழங்கி வருகிறார்கள். சாகியின் கதைகள் அங்கே கிடைக்கின்றன. கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தப் பெண் பேசும் இடங்களில் வாசிப்பவரின் குரலில் குறும்பு எட்டிப்பார்க்கிறதா? எட்டிப்பார்த்தால் கதை அங்கேயே தீர்ந்தது. அவள் சொல்வதை முழுமையாக நம்புகிறவரைப் போலப் படிப்பவர்தான் நல்ல வாசிப்பாளர். இனி எந்த நூலை எடுத்தாலும் இதே அளவுகோலைப் பயன்படுத்தலாம்.

இது பிடித்துவிட்டால் அதே ஆசிரியரின் 'டோபர்மரி'யையும் கேளுங்கள். பேசக் கற்றுக்கொண்ட பூனை ஒன்று, விருந்தினர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் தனிமையில் சொன்னதையெல்லாம் தேநீர் மேசையில் வெளிப்படையாகச் சொல்லிவிடும் கதை. பூனைக்கு மியாவ் கலந்த குரல் கொடுக்கும் வாசிப்பாளர்களைத் தவிர்த்துவிடுங்கள். அது உயர்குடிப் பூனை, அங்கிருக்கும் எல்லோரையும்விட நாகரிகமாகப் பேசும்.

படி 2: பதிவைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே நூலுக்குப் பத்துப் பதிவுகள் இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது, அது முழுப் பதிப்பா, சுருக்கப் பதிப்பா என்பது. ஒலிநாடாக்களின் காலத்தில் இரண்டு நாடாக்களுக்குள் அடக்குவதற்காகப் பெரிய நாவல்களையும் மூன்று மணி நேரத்துக்கு வெட்டிச் சுருக்கினார்கள். அந்தப் பதிவுகள் பல இன்றும் விற்பனையில் உள்ளன. நகைச்சுவை நூலைச் சுருக்கும்போது கதைப்போக்கு தப்பிப் பிழைக்கும், கிளைக்கதைகள் வெட்டுப்படும். பிரிட்டிஷ் நகைச்சுவையில் சிரிப்பு இருப்பதோ பெரும்பாலும் கிளைக்கதைகளில். எனவே முழுப் பதிப்பையே எடுங்கள். முழு நூலைப் படித்துப் பதிவு செய்யும் வழக்கத்துக்குப் பிரிட்டனில் நீண்ட வரலாறு உண்டு: பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் அங்கே 1935 நவம்பரிலேயே வெளிவரத் தொடங்கின. அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்று முதலில் வந்தவற்றில் அடங்கும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 25 நிமிடமே பதியும் என்ற நிலையிலும் முழு நாவலைத் தட்டு தட்டாகப் பதிந்தார்கள் என்பதை நினைத்தால், இன்று சுருக்கப் பதிப்புக்கு ஒரு நியாயமும் இல்லை.

இலவசப் பதிவுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில நூல்களை ஒருவரே முழுமையாகப் படித்திருப்பார். சிலவற்றில் அத்தியாயத்துக்கு ஒருவர் என்று பல நாட்டவர் பகிர்ந்து படித்திருப்பார்கள். தன்னிலையில் எழுதப்பட்ட நகைச்சுவை நூலில், கதை சொல்பவரின் குரல் ஒவ்வோர் அரைமணிக்கும் மாறினால் எதுவும் ஒட்டாது. வாங்கும் பதிவானால், மாதிரி ஒலியை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் வாசிப்பவர் தாமே சிரிப்பதுபோல் தோன்றினால், அதை விட்டுவிடுவது நல்லது.

படி 3: வேகத்தைத் தொடாதீர்கள்

ஒலிநூல் வாசிப்பாளர்கள் பொதுவாக நிமிடத்துக்கு 150 முதல் 160 சொற்கள் வரை படிக்கிறார்கள். கட்டுரை நூல்களை வேகம் கூட்டிக் கேட்பதில் இழப்பு அதிகம் இல்லை. நகைச்சுவையில், கடைசிச் சொல்லுக்கு முன்னால் வரும் அரை விநாடி மௌனம்தான் வேலை செய்கிறது. வேகத்தைக் கூட்டினால் முதலில் நசுங்குவது அதுதான். சில செயலிகளில் மௌனங்களைத் தானாகவே வெட்டிவிடும் வசதி ஒன்று இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருப்பது தெரியாமல் ஒரு நூல் முழுவதையும் கேட்டுவிட்டு, வாசிப்பவருக்குத் தாளமே இல்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டேன். அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்திவிடுங்கள்.

உச்சரிப்பு புரியவில்லை என்றால், வேகத்தைக் குறைப்பதைவிட, மூல நூலைக் கண்முன் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை மட்டும் கேட்பது பயன் தரும். பழைய நூல்களின் எழுத்து வடிவம் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அரைமணி நேரத்தில் காது பழகிவிடும். அதன் பிறகு நூலை மூடி வைத்துவிடுங்கள்.

படி 4: முதல் முழு நூல்

என் தேர்வு ஜெரோம் கே. ஜெரோமின் 'த்ரீ மென் இன் எ போட்'. 1889இல் வெளிவந்தது, முழுப் பதிப்பு ஏறக்குறைய ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மூன்று நண்பர்களும் மான்ட்மொரென்சி என்ற நாயும் கிங்ஸ்டனிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வரை தேம்ஸ் நதியில் படகில் போகிறார்கள். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். வழியில் நினைவுக்கு வருவதையெல்லாம் ஒருவர் சொல்லிக்கொண்டே வருகிறார். இதனால்தான் இது காதுக்கு ஏற்றது: இடையில் கவனம் சிதறினாலும் நீங்கள் எதையும் தவறவிட்டதாகாது.

முதல் அத்தியாயத்திலேயே கதைசொல்லி ஒரு சிறு நோய்க்கு மருத்துவம் தேடிப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்று மருத்துவ நூலைப் புரட்டுகிறார். அகர வரிசையில் படித்துக்கொண்டே போய், வீட்டுப் பணிப்பெண்களுக்கு வரும் முழங்கால் வீக்கம் ஒன்றைத் தவிர மற்ற எல்லா நோய்களும் தமக்கு இருப்பதாக முடிவுக்கு வருகிறார். அந்த ஒரு நோய் மட்டும் தம்மை ஏன் ஒதுக்கியது என்று சற்று வருத்தமும் படுகிறார். இந்த வருத்தத்தை உண்மையான வருத்தமாகப் படிக்கத் தெரிந்தவரிடம் கேட்டால், இணையத்தில் நோய்க்குறிகளைத் தேடிப் பயந்துபோன எவருக்கும் 1889 ஒன்றும் தொலைவில் இல்லை என்று தோன்றும். நடிகர் மார்ட்டின் ஜார்விஸ் இந்த வகை நூல்களைப் படிப்பதில் தேர்ந்தவர். ஹியூ லாரியும் இதைப் படித்திருக்கிறார், அருமையாகவே. ஆனால் அது சுருக்கப் பதிப்பு.

ஓர் எச்சரிக்கை. நதியின் அழகையும் பழைய அரசர்களின் வரலாற்றையும் பற்றி ஆசிரியர் திடீரென்று உருகத் தொடங்கும் பகுதிகள் இந்த நூலில் உண்டு. இவையும் கிண்டலா என்று புதியவர்கள் குழம்புவார்கள். சில இடங்களில் கிண்டல், சில இடங்களில் இல்லை. நல்ல வாசிப்பாளர் எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு படித்து, முடிவை உங்களிடம் விட்டுவிடுவார். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் அன்னாசிப்பழ டப்பாவைத் திறக்கக் கருவி இல்லாமல் மூவரும் போராடும் இடத்தைத் தாண்டிவிடாதீர்கள்.

படி 5: தன்னை அறியாதவர்களின் குரல்

அடுத்த கட்டம், தாம் வேடிக்கையானவர் என்பதே தெரியாத கதைசொல்லிகள். கிராஸ்மித் சகோதரர்களின் 'தி டயரி ஆஃப் எ நோபடி' பஞ்ச் இதழில் தொடராக வந்து 1892இல் நூலானது. லண்டன் ஹாலோவே பகுதியில் வாடகை வீட்டில் வசிக்கும் பூட்டர் என்ற குமாஸ்தா தம் நாட்குறிப்பை எழுதுகிறார். சிவப்பு எனாமல் பூச்சு வாங்கி வந்து, நிலக்கரி வாளி முதல் ஷேக்ஸ்பியர் புத்தகத்தின் முதுகு வரை எல்லாவற்றுக்கும் பூசிவிட்டு, கடைசியில் குளியல் தொட்டியையும் விட்டுவைக்காமல் பூசுகிறார். பிறகு அதில் வெந்நீர் நிரப்பி இறங்கியவர், தண்ணீர் சிவப்பானதைக் கண்டு தமக்கு நாளம் வெடித்துவிட்டது என்று நினைக்கிறார். அச்சில் நான் இதைப் படித்தபோது இலேசாகப் புன்னகைத்ததோடு சரி. கேட்டபோதுதான், பூட்டரின் சொற்சிலேடைகள் எவ்வளவு மோசமானவை என்பதும், அவற்றுக்காக அவர் தாமே எவ்வளவு நேரம் சிரிக்கிறார் என்பதும் உறைத்தது. சட்டைக் கையின் ஓரம் நைந்துபோனதைப் பற்றி 'ஐ ஆம் ஃப்ரெய்ட் தே ஆர் ஃப்ரெய்ட்' என்கிறார். அஞ்சுவதைக் குறிக்கும் சொல்லும் நைந்ததைக் குறிக்கும் சொல்லும் காதில் ஒன்றாக விழுகின்றன. எழுத்தில் அவை வேறு வேறு. கண்ணால் ஆங்கிலம் கற்றவர்களுக்கு நழுவிப்போவது இதுபோன்ற இடங்கள்தான்.

இதற்குப் பிறகு பி. ஜி. உட்ஹவுஸ். பெர்ட்டி வூஸ்டர் என்ற பணக்கார இளைஞனும் அவனுடைய அறிவாளியான பணியாளர் ஜீவ்ஸும் வரும் நூல்களுக்கு, 2011இல் மறைந்த நடிகர் ஜோனதன் செசிலின் பதிவுகளையே நான் பரிந்துரைப்பேன். பெர்ட்டியை அவர் முட்டாளாகப் படிப்பதில்லை. நல்ல மனமும் பாதி நினைவில் நிற்கும் கவிதை வரிகளும் கொண்ட, சற்றுத் திகைத்துப்போன ஒருவனாகப் படிக்கிறார். ஜீவ்ஸின் குரல் இதற்கு நேர்மாறாகத் தாழ்ந்து, ஒரே சீராக இருக்கும். ஸ்டீஃபன் ஃப்ரையின் பதிவுகள் புகழ்பெற்றவை, தெளிவானவை. எனினும் அவர் குரலில் உள்ள அறிவுக்கூர்மை பெர்ட்டிக்குச் சற்று அதிகம் என்பது என் கருத்து; இதை ஏற்காதவர்களே அதிகம் இருப்பார்கள். 1934இல் வந்த 'ரைட் ஹோ, ஜீவ்ஸ்' நூலில் தொடங்குங்கள். மேடைக் கூச்சம் கொண்ட கஸ்ஸி, பழச்சாற்றில் கலந்த மதுவைத் தெரியாமல் குடித்துவிட்டுப் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பேசும் இடம் வரும்போது, சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். நரி வேட்டைக் களத்தில் கத்திப் பழகிய டாலியா அத்தை பேசத் தொடங்கும் இடங்களில் ஒலியளவைக் குறைத்துக்கொள்வதும் நல்லது.

படி 6: இப்போது பெரிய நாவல்கள்

ஜேன் ஆஸ்டினை நகைச்சுவை எழுத்தாளராக நினைக்காதவர்கள், ஜூலியட் ஸ்டீவன்சன் படித்த 'எம்மா'வைக் கேட்க வேண்டும். பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதில் மிஸ் பேட்ஸ் என்ற பெண்மணி நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பார். அச்சில் அந்தப் பத்திகளைக் கண் தாண்டிவிடும்; ஒலியில் தாண்ட முடியாது. ஸ்டீவன்சனின் குரலில் அந்தப் பேச்சு ஒரு வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவி, மூச்சு வாங்கி, கைக்குட்டையிலிருந்து ஆப்பிளுக்கும் ஆப்பிளிலிருந்து அம்மாவின் கண்ணாடிக்கும் போய்க்கொண்டிருக்கும். நாவலின் இரகசியத்துக்கான தடயங்கள் சிலவற்றை ஆஸ்டின் அந்த வளவளப்புக்குள்தான் ஒளித்து வைத்திருக்கிறார். எம்மா அந்தப் பேச்சைக் கவனிப்பதில்லை, வாசகரும் கவனிப்பதில்லை. கேட்பவருக்கு மட்டும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

டிக்கின்ஸைக் கடைசிக்கு வைத்தது நீளம் கருதித்தான். அவரே தம் படைப்புகளை மேடையில் படித்துக் காட்டியவர். 1858 முதல் அதைத் தொழிலாகவே செய்து, இறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, 1870 மார்ச்சில், லண்டனில் இறுதி வாசிப்பை நடத்தினார். 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836 முதல் 1837 வரை மாதத் தொடராக வந்தது. ஒரு பகுதிக்கு 32 பக்கம், விலை ஒரு ஷில்லிங். பத்தாம் அத்தியாயத்தில் சாம் வெல்லர் வந்த பிறகுதான் நூல் சூடுபிடிக்கிறது. 'வி' ஒலிக்கும் 'டபிள்யூ' ஒலிக்கும் இடம் மாற்றிப் பேசும் அவருடைய லண்டன் கொச்சை, அச்சில் எழுத்துப்பிழைபோல் எரிச்சலூட்டும். டேவிட் டிம்சன் படிக்கும்போது அது ஓர் ஆளாக எழுந்து நிற்கிறது.

இதை ஒரே மூச்சில் கேட்காதீர்கள். அன்றைய வாசகர்கள் ஒரு மாதம் காத்திருந்து படித்த பகுதி, இன்றைய பதிவில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இரண்டு அல்லது மூன்று அத்தியாயங்களை ஒரு பகுதியாகக் கொண்டு வாரத்துக்கு ஒன்று கேட்டால், ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி மடிக்கும் நேரத்தை இதற்கு ஒதுக்கினேன். முன்பு பேருந்தில் கைவிட்ட அதே நாவல்தான் இது.