கிரிக்கெட் பெட்டிங் ஆப் சட்டப்படி செல்லுமா? பணம் போடும் முன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கிரிக்கெட், கால்பந்து, கபடி என எந்த ஆட்டத்தின் மீது ஆன்லைனில் பணம் வைத்துப் பந்தயம் கட்டினாலும் அது குற்றம். ஆப் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதோ, இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டிருக்கிறீர்களா என்பதோ இதை மாற்றாது. இது தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்வதற்கு முக்கியக் காரணம், இரண்டு சட்டங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான்.

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி விளையாடும் எல்லா ஆன்லைன் ஆட்டங்களையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டியெடுத்து, "ஆடுறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று டெலிகிராம் சேனல்களில் பரப்புகிறார்கள்.

ஆனால் 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அது ஆடுபவரையும் விடுவதில்லை: 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மத்தியச் சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன; அங்கே என்ன தீர்ப்பு வந்தாலும் மாநிலச் சட்டம் அதனால் தானாகக் காலாவதி ஆகிவிடாது.

தீர்ப்புகளைக் காட்டி ஏமாற்றுவதும் நடக்கிறது. "சென்னை உயர் நீதிமன்றமே அனுமதித்துவிட்டது" என்று யாராவது சொன்னால் எந்த ஆண்டுத் தீர்ப்பு என்று கேளுங்கள். 2021 ஆகஸ்ட் தீர்ப்பு, இப்போதைய 2023 சட்டத்துக்கு முன்பிருந்த திருத்தச் சட்டத்தைத்தான் ரத்து செய்தது. 2023 நவம்பர் தீர்ப்பில் விலக்கு கிடைத்தது ரம்மிக்கும் போக்கருக்கும், பந்தயத்துக்கு இல்லை. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது பந்தயக் களத்துக்குள் கட்டும் பணத்தைப் பற்றி. அதை வைத்துக் கிரிக்கெட் ஆப்புக்கு நியாயம் பேச முடியாது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வாதத்துக்கே 2025 சட்டத்தில் இடமில்லை. ஜெயித்தால் பணம் வரும் என்று எதிர்பார்த்துப் பணம் கட்டினால் போதும், அது தடைக்குள் வந்துவிடும். கற்பனை அணி அமைத்து ஆடும் ட்ரீம்11 ஆப் பணப் போட்டிகளை நிறுத்தியதும் இதனால்தான்.

ஆப்பைச் சோதிக்கும்போது பக்கத்தின் அடியில் உள்ள உரிமத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். குராசோ போன்ற தீவுகளின் உரிம எண் உண்மையாகவே இருந்தாலும் இந்தியாவில் அதற்கு மதிப்பில்லை. பார்க்க வேண்டியது பணம் போகும் வழி. 500 ரூபாய் போட முயன்றால் யூபிஐ திரையில் பெறுபவர் பெயர் வரும். அங்கே நிறுவனத்தின் பெயருக்குப் பதில் யாரோ ஒரு தனிநபர் பெயரோ, ஏதோ ஜவுளிக்கடை, மளிகைக்கடைப் பெயரோ இருக்கும். அடுத்த முறை போட்டால் வேறொரு பெயர். அது வேறு யாரிடமோ காசு கொடுத்து வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்கு. பின் நம்பரைப் போடாமல் அங்கேயே வெளியே வந்துவிடுங்கள்.

தோற்றவருக்குத்தான் நஷ்டம், ஜெயித்தவருக்குப் பிரச்சினை இல்லை என்பதும் தவறு. அதே வாடகைக் கணக்குகளில் ஆன்லைன் மோசடியில் மற்றவர்கள் இழந்த பணமும் புரளும். உங்களுக்கு வந்த 3,000 ரூபாய் அந்தப் பணமாக இருந்தால், எங்கோ ஒரு மாநிலத்தில் பதிவான புகாரின் பேரில் உங்கள் சம்பளக் கணக்கு முடங்கலாம். அப்படி நடந்தால் வங்கிக் கிளையில் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், புகாரில் உள்ள தொகை எவ்வளவு. முழுக் கணக்கையும் முடக்காமல் அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கும்படி கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் அப்படி உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். "பந்தயத்தில் ஜெயித்த பணம்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், தமிழ்நாட்டில் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பார்க்கப்படலாம். வசதி இல்லாதவர்கள் 15100 எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

"30 சதவீத வரியை முதலில் கட்டினால்தான் ஜெயித்த பணத்தை எடுக்க முடியும்" என்று ஆப் கேட்டால் அது அப்பட்டமான மோசடி. முறைப்படி பிடிக்கும் வரி, ஜெயித்த தொகையிலிருந்துதான் கழியும். யாரும் தனியாக அனுப்பச் சொல்வதில்லை. அனுப்பிவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும் என்பதால் தாமதம்தான் பெரிய எதிரி. 12 இலக்க யூபிஐ பரிவர்த்தனை எண், நேரம், பெறுபவர் ஐடி, உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஆப்பை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் பந்தயத் தளத்துக்கான ஐடி கொடுத்துக் கடனுக்கு ஆட விடும் ஏஜெண்டுகளும் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 30-இன்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. அந்தக் கடனுக்கு அவர் உங்கள் மீது வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. அதே காரணத்தால் ஜெயித்த பணத்துக்கு நீங்களும் போட முடியாது. இது அவருக்கும் தெரியும். அதனால்தான் வெற்றுக் காசோலையும் கையெழுத்திட்ட புரோநோட்டும் கேட்பார். பிறகு அதைக் கைமாற்றுக் கடன் என்று காட்டி வழக்குப் போட்டால், அது பந்தயப் பணம் என்று நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டியிருக்கும். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு வந்து மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

கல்லூரி மாணவர்கள் குறிப்பாக இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். கமிஷனுக்காக ரெஃபரல் லிங்க்கை ஸ்டேட்டஸில் போடுவது விளம்பரமாகக் கருதப்படலாம். மாநிலச் சட்டத்தில் அதற்கு 1 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். மாதம் இவ்வளவு தருகிறேன் என்பவரிடம் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடுப்பது அதைவிட மோசம். பணப் பரிமாற்றத்துக்கு உதவுவது மத்தியச் சட்டத்தில் ஆப் நடத்துவதற்கு இணையான குற்றம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம். சிங்கப்பூரில் ஆன்லைன் விளையாட்டுப் பந்தயத்துக்கு உரிமம் பெற்றது சிங்கப்பூர் பூல்ஸ் மட்டும். உரிமம் இல்லாத தளத்தில் ஆடினால் 10,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. பிரிட்டனில் சூதாட்ட ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அங்கே கிரெடிட் கார்டில் பந்தயம் கட்ட 2020 ஏப்ரலிலிருந்து தடை உள்ளது. கிரெடிட் கார்டை ஏற்கும் தளத்தைப் பார்த்தால் விலகிவிடுங்கள். அங்கிருந்து ஊருக்கு விடுமுறையில் வரும்போது அந்தக் கணக்கை இங்கே திறந்து ஆடினால், தமிழ்நாட்டுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும்.